முதுகில் எழுதும் பெயர்

(கழகத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் விளையாட்டு நாளில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் கல்வியின் மாண்பினைப் பேசுவது மரபு. நமக்கு முன்னே பேசிய சான்றோர் அதனைக் குறைவறப் பேசிவிட்டார்கள். நமக்கென ஒதுக்கப்பட்ட பொருள் மிகச் சிறியது. கேட்டவுடன் சிலர் நகைக்கவும் கூடும். நம் கழகத்தின் கபடிக் குழுவிற்குப் புதிய பனியன் தைத்துக்கொள்ள ஓர் அன்பர் பணம் தந்திருக்கின்றார். அப்பனியனின் முதுகுப்புறத்தில் எண்ணோடு ஆட்டக்காரரின் பெயரையும் பொறிக்கலாமா, வேண்டாவா என்பதே பொருள்.

செயற்குழு இதன்பொருட்டு மூன்று மாலைகள் கூடியது. மூன்றிலும் முடிவு எட்டப்படவில்லை. படிப்பகத்திற்குக் கூரை மாற்றும் தீர்மானத்தை அரைமணி நேரத்தில் நிறைவேற்றிய அதே செயற்குழு, ஒரு பனியனுக்காக மூன்று மாலைகளைச் செலவிட்டது. அப்படியானால் அந்தத் துணியில் ஏதோ இருக்கின்றது என்றுதானே பொருள்? அது என்ன என்பதையே நாம் இன்று எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். ஆட்டக்காரரின் முதுகில் முதலில் ஏறியது பெயரன்று, எண்ணே. 1928ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்து நாட்டுக் கால்பந்துக் குழுக்களான ஆர்சனலும் செல்சியும் எண் பொறித்த சட்டையோடு களம் இறங்கின. பெயரைத் தைத்துக் காட்டியவர்கள் அமெரிக்கர்கள். 1960இல் சிக்காகோ நகரின் ஒயிட் சாக்ஸ் என்னும் பேஸ்பால் குழு அதனைத் தொடங்கிற்று. கிரிக்கெட்டில் 1992ஆம் ஆண்டு உலகக் கோப்பையின் வண்ண உடைகளில் பெயர் வந்தது. வெள்ளை உடை அணிந்து ஆடும் டெஸ்ட் ஆட்டமோ 1877இல் பிறந்தது. 2019 ஆகஸ்டு முதல் நாள் பர்மிங்காமில் இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய ஆட்டத்தில்தான் முதன்முதலாக அதன் முதுகில் பெயர் ஏறியது. அன்றைக்கும் பழைய ஆட்டக்காரர் சிலர் முகம் சுளித்தனர். வரலாறு இவ்வளவே. இனி நம் கதைக்கு வருவோம்.

செயற்குழுவில் பெயர் வேண்டாம் என்றவர்களின் முதல் வாதம் இது: "குழு பெரிது, தனி ஆள் சிறிது. பெயர் எழுதினால் ஒவ்வொருவனும் தன்னைப் பெரியவனாக எண்ணுவான். கழகத்தின் பெயர் ஒன்றே போதும்." நல்ல எண்ணத்தில் பிறந்த வாதம் இது. நியூயார்க் நகரின் யாங்கீஸ் குழு இன்றுவரை ஆட்டச்சட்டையில் பெயர் பொறிப்பதில்லை என்றும், அந்தக் கட்டுப்பாடே அவர்கள் பெருமைக்குக் காரணம் என்றும் கல்லூரியில் பயிலும் தம்பி ஒருவர் எடுத்துக் காட்டினார். உண்மைதான். ஆனால் யாங்கீஸ் ஆட்டக்காரரின் பெயர் நாளிதழில் இருக்கின்றது, நூல்களில் இருக்கின்றது, வெண்கலத் தகட்டில் இருக்கின்றது. சட்டையில் இல்லாவிட்டால் அவருக்கு என்ன குறை? பெயரைத் துறப்பதற்கு முதலில் பெயர் இருக்க வேண்டும். நம்மிடம் இருந்ததா?

இங்கு அமர்ந்திருக்கும் பெரியவர்கள் சொல்லி நாம் கேட்டவற்றையே மீண்டும் சொல்கின்றோம். அந்நாளில் அளத்துக் கணக்கில் ஆள் இல்லை; எண்ணிக்கைதான் இருந்தது. ஆண் இத்தனை, பெண் இத்தனை, சிறுவர் இத்தனை என்று கணக்குப்பிள்ளை கோடு போட்டுக் கூலி கணக்கிடுவார். பெயர் எழுதிய ஏடுகளிலும் பெயர் முழுமையாக இருந்ததில்லை. பெற்றோர் முனுசாமி என்று வைத்த பெயர் ஏட்டில் முனியன் ஆயிற்று. கந்தசாமி கந்தன் ஆனார். சின்னசாமி சின்னான் ஆனார். 'சாமி' என்று முடியும் பெயரைச் சேரியில் ஒருவன் தாங்குவதா? அதைத் தம் வாயால் சொல்லி அவனை அழைப்பதா? ஆண்டைகளுக்கு நா எழவில்லை. ஆகவே பெயரின் வாலை அறுத்தார்கள். அறுத்ததே நாளடைவில் வாக்காளர் பட்டியலிலும் பள்ளிச் சான்றிதழிலும் ஏறிப் பேரப்பிள்ளைகளின் தலைப்பெழுத்தாகவும் நின்றுவிட்டது. நம் கழகம் தொடங்கிய ஆண்டில் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்த பிள்ளைகளின் தந்தை பெயரைக் கேட்டு எழுதும்போது, இரண்டு பெயரில் எதைச் சொல்வது என்று தயங்கிய தாய்மார் பலர்.

மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் உப்பளங்கள் இவை. பங்குனி, சித்திரை வெயிலில் பாத்தியில் நின்று, கண் கூச, கால் வெடிக்க, பலகையால் வாரி வரப்பில் குவித்த உப்பு எத்தனையோ ஊர்களின் உலையில் கரைந்திருக்கின்றது. வாரியவர் பெயர் எங்கேனும் உண்டா? மூட்டையின் மேல் பெயர் இருக்கின்றது; அது வணிகரின் பெயர்.

இனி, நம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் திருவிழாவையொட்டிக் கபடிப் போட்டி நடந்தது. ஊரின் பெயர் வேண்டாம். அவ்வூரில் இன்று நமக்கு நண்பர் பலர் உளர். நம் குழுத்தலைவன் முறைப்படி பன்னிரண்டு பேர் பட்டியலை எழுதி ஒலிபெருக்கி மேசையில் கொடுத்தான். ஆட்டம் தொடங்கியது. எதிர்க்குழுவில் பாடி வந்த ஒவ்வொருவர் பெயரும், அவர் தந்தை பெயரும், அவர் வீட்டுப் பெருமையும் ஒலிபெருக்கியில் முழங்கின. நம் பிள்ளைகள் பாடிச் சென்றபோதெல்லாம், "இதோ காலனிக் குழு வருகிறது", "காலனிப் பையன் தொட்டுவிட்டான்" என்பதே அறிவிப்பு. பட்டியல் மேசையின் மேல், ஒரு சோடாப் புட்டியின் அடியில், ஆட்டம் முடியும்வரை கிடந்தது. நாம் அருகில்தான் நின்றோம்.

அன்று நாம் தோற்றோம். ஆயினும் சிறந்த ஆட்டக்காரர்க்கான பரிசு நம் பக்கம் வந்தது. "காலனிப் பையன் மேடைக்கு வரவும்" என்று அறிவித்தார்கள். யாரும் போகவில்லை. பன்னிரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எந்தக் காலனிப் பையன்? பன்னிரண்டு பேருமே காலனிப் பையன்கள் அல்லவா? மீண்டும் அறிவிப்பு வந்தது; அப்போதும் பெயர் வரவில்லை. இறுதியில் ஒருவர் கையை நீட்டி, "அந்த நெட்டையன்" என்று காட்டினார். அந்தத் தம்பி போய்க் கோப்பையை வாங்கி வந்தான். வரும் வழியெல்லாம் பேருந்தில் பேசவே இல்லை. இன்று அவர் அரசுப் பணியில் இருக்கின்றார். மேசையின் மேல் அவர் பெயர்ப்பலகை இருக்கின்றது. இன்றைய கூட்டத்திற்கும் வந்திருக்கின்றார். அவர் ஒப்புதலோடுதான் இதனைச் சொல்கின்றோம். பெயரைச் சொல்ல வேண்டா என்று அவரே கேட்டுக்கொண்டார் என்பது வேடிக்கை.

"கொடுத்த பட்டியலைப் படிக்காதவர் முதுகைப் பார்த்தா படிக்கப் போகிறார்?" என்று செயற்குழுவில் ஒரு பெரியவர் கேட்டார். கூர்மையான கேள்வி. அவர் படிக்காமல் போகலாம். ஆனால் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் சிறுவர்கள் படிப்பார்கள். எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளை கண்ணில் பட்ட எதையும் உரக்கப் படிக்காமல் விடாது. பேருந்தில் செல்லும்போது கடைப்பலகைகளை அது படும் பாட்டை நாம் அறிவோம். அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் நம் பிள்ளையின் பெயரை வாய்விட்டுப் படிக்கட்டும் என்பதே நம் ஆசை.

ஒரு பெயரை எப்படி எழுதுவது என்பதில்கூட மேல், கீழ் இருந்தது என்பதற்கு வெளிநாட்டுச் சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்துக் கிரிக்கெட்டில் ஆட்டக்காரர் இரு வகையினர். பொழுதுபோக்காக ஆடிய செல்வர்கள் ஒரு வகை. கூலிக்கு ஆடிய தொழிலாளர்கள் மற்றொரு வகை. செல்வர்க்குத் தலைப்பெழுத்து முன்னே வரும். கூலிக்காரர்க்குப் பின்னே வரும். 1950இல் லார்ட்ஸ் மைதானத்தில் டிட்மஸ் என்ற இளம் தொழில்முறை ஆட்டக்காரரின் தலைப்பெழுத்தை ஆட்டத்தாளில் தவறுதலாக முன்னே அச்சிட்டுவிட்டார்கள். உடனே ஒலிபெருக்கியில் திருத்தம் அறிவித்தார்கள்: அந்த எழுத்துகளைப் பின்னே மாற்றிப் படிக்க வேண்டுமாம்! இரண்டு எழுத்து இடம் மாறியதற்கு மைதானம் முழுவதற்கும் ஓர் அறிவிப்பு. அந்த வேறுபாடு 1963ஆம் ஆண்டு ஆட்டப் பருவத்திலிருந்துதான் ஒழிந்தது.

நம் நாட்டில் இதற்கும் முன்னரே பல்வங்கர் பாலு ஆடினார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்து, பூனா நகரில் வெள்ளையர் மைதானத்தைச் செப்பனிடும் வேலையில் இருந்து, வலையில் அவர்களுக்குப் பந்து வீசியே அக்கலையைக் கற்றவர். பின்னர் இந்துக்கள் குழுவில் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர் வீசிய பந்தைத் தொட்டார்கள். ஆனால் தேநீர் வேளையில் அவர்க்கு வெளியே, மண் குவளையில் ஊற்றினார்கள். 1911இல் இங்கிலாந்து சென்ற இந்தியக் குழுவில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். ஆங்கிலேயரின் ஆட்டத்தாளில் அவர் பெயர் அச்சேறியது. தம் நாட்டுக் குழுவின் தலைமைப் பதவியில் மட்டும் அப்பெயர் ஏறவே இல்லை. அவர் தம்பி விட்டல் 1923இல் அத்தலைமையைப் பெற்றார். பாலுவின் பந்துவீச்சை இன்று யாரும் பார்த்ததில்லை. அவரை நாம் அறிவது, எவரோ ஒருவர் அவர் பெயரை எழுதி வைத்ததால்.

இதுவரை நாம் சொன்னவை பெயர் வேண்டும் என்பார்க்குத் துணையாவன. இனி எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தைச் சொல்லாவிட்டால் நடுநிலை ஆகாது. அதைச் சொன்னவர்கள் தாய்மார்கள். "பெயர் தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் வீடு தெரியும். ஆடிவிட்டுப் பிள்ளை நல்லபடியாகத் திரும்ப வேண்டும், அது போதும்" என்றார் ஒரு தாய். அவரை யார் மறுக்க முடியும்? 2013 ஏப்ரல் 25ஆம் நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூண்ட கலவரத்தில் மரக்காணத்துத் தலித் மக்களின் குடிசைகள் எரிந்ததைக் கண்ட ஊர் இது. அன்று பள்ளிப் பையில் இருந்த புத்தகங்கள் கருகியதை நாம் மறக்கவில்லை. அந்த மாலைக்குப் பின் இப்பகுதித் தாய் ஒருத்தி தன் மகனின் முதுகில் எதையும் எழுத அஞ்சுகின்றாள் என்றால், அது கோழைத்தனம் அன்று, பட்டறிவு.

அந்த அச்சம் நம் ஊரோடு நிற்பதும் அன்று. 2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா என்ற வளைகோல் பந்தாட்ட வீராங்கனை, ஜூலை 31ஆம் நாள் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஆட்டமொன்றில் மூன்று கோல் அடித்த முதல் இந்தியப் பெண் அவர். அடுத்த வாரத்தில், ஆகஸ்டு 4ஆம் நாள், அரையிறுதியில் அர்ச்சென்டினாவிடம் இந்தியா தோற்றது. உடனே அரித்துவாருக்கு அருகில் ரோசனாபாத்தில் உள்ள அவர் வீட்டின் முன் சிலர் கூடிப் பட்டாசு வெடித்துச் சாதிப் பெயர் சொல்லி ஏசினார்கள். குழுவில் தலித்துகள் மிகுந்ததால்தான் தோல்வி என்றார்களாம். அவரோ கடல் கடந்து, நாட்டின் நிறத்தை உடுத்தி, அடுத்த ஆட்டத்திற்கு அணியமாகிக் கொண்டிருந்தார்.

அவர்கள் வந்தனாவின் வீட்டைத் தேடிச் செல்லச் சட்டையைப் படித்தா போனார்கள்? பெயர் எழுதாமல் விடுவது காவல் ஆகாது என்பதையே அந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகின்றது. ஏசுவோர்க்கு நம் முகவரி எப்போதும் தெரியும். தெரியாமல் இருப்பவர்கள், கைதட்டக் கூடியவர்கள். ஆயினும், தாய்மாரின் அச்சத்தை ஒரு வாதத்தால் துடைத்துவிட முடியும் என்று நாம் எண்ணவில்லை. கைபேசியில் படம் பிடித்து, முகத்தையும் பெயரையும் ஒருங்கே ஊரெல்லாம் அனுப்பக்கூடிய காலம் இது. அதற்கு ஒரு வழி பின்னர்ச் சொல்வோம்.

எந்தப் பெயரை எழுதுவது? இதில்தான் இரண்டாம் மாலை முழுதும் கழிந்தது. வட இந்திய ஆட்டக்காரர் பலரின் முதுகில் இருப்பது குடும்பப் பெயர். அதில் பெரும்பாலும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கும். தமிழகத்தில் 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டத்தை விடச் சொன்னது, பெரும்பாலோர் விட்டார்கள். ஆகவே நம் பெயர் ஒற்றைப் பெயர். முன்னே தந்தையின் தலைப்பெழுத்து. இதனால் வெளிநாட்டு அறிவிப்பாளர்கள் படும் இடர் பெரிது. நம்மவரை அவர் தந்தை பெயரால் அழைத்துக்கொண்டிருப்பார்கள். எழுதும் பெயர் அவரவர் பெயராகவே இருக்கட்டும்.

பெயரின் பின்னே ஒரு கதை இருக்குமானால் அதுவும் நல்லதே. வாசிங்டன் சுந்தர் என்ற கிரிக்கெட் வீரரை அனைவரும் அறிவீர்கள். அமெரிக்கத் தலைவரின் பெயர் என்று பலர் நினைக்கின்றார்கள். அன்று. அவர் தந்தை சுந்தர் சென்னையில் வறுமையில் வளர்ந்தபோது, பி. டி. வாசிங்டன் என்ற ஓய்வுபெற்ற படைவீரர் அவர்க்குச் சீருடை வாங்கித் தந்து, பள்ளிக் கட்டணமும் கட்டினார். அந்த நன்றிக்காக மகனுக்கு அப்பெயரைச் சூட்டினார். சீருடையும் கட்டணமும் தந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு கழகத்தின் விழாவில் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. (நம் தலைவர் அவர்கள் தம் பெயரை எவர்க்கும் வைக்க வேண்டா என்று சைகை காட்டுகின்றார்.)

தாயின் பெயரை எழுதலாமே என்றாள் தங்கை ஒருத்தி. 2016 அக்டோபர் 29ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் நியூசிலாந்துக்கு எதிராக ஆடிய இந்திய வீரர்கள், தத்தம் தாயாரின் பெயரை முதுகில் தாங்கி ஆடினார்கள். தோனி தேவகி ஆனார். கோலி சரோஜ் ஆனார். தொலைக்காட்சி நிறுவனத்தின் விளம்பர முயற்சி அது. ஒரு நாளோடு முடிந்தது. நம் தங்கை கேட்பது ஒரு நாளைக்கு அன்று. அவள் தந்தை இவ்வுலகில் இல்லை. உப்பு வாரிப் படிக்க வைப்பவர் தாய். தலைப்பெழுத்தாகத் தாயின் முதலெழுத்தை எழுத அவள் விரும்பினால் எழுதட்டும். தலைப்பெழுத்தும் தமிழிலேயே இருக்கட்டும். அரசும் 2021 டிசம்பரில் அவ்வாறே ஆணையிட்டிருக்கின்றது.

இளைஞர் சிலர் வேறொன்று கேட்டார்கள். பெயருக்கு மாறாக இனப்பெயரையே பெரிதாகப் பொறிக்க வேண்டும் என்றார்கள். "அவர்கள் தம் சாதியைப் பனியனில் போட்டு வருகின்றார்களே, நாம் மட்டும் ஏன் ஒளிய வேண்டும்?" என்றார்கள். சினம் நியாயமானது. 1893இல் இரட்டைமலை சீனிவாசனார், இழிவாக வீசப்பட்ட சொல்லையே எடுத்துத் தம் இதழுக்குப் 'பறையன்' என்று பெயரிட்டார். நெஞ்சுரம் என்றால் அது. எம். சி. ராசா சட்டமன்றத்தில் போராடி 1922இல் 'ஆதி திராவிடர்' என்ற பெயரை அரசு ஏடுகளில் ஏற்றினார், அதுவும் நெஞ்சுரமே. ஒருவர் இட்ட பெயரைச் சுமந்து வென்றார். மற்றவர் பெயரை மாற்றி வென்றார். அவ்விருவரையும் போற்றுகின்ற நாம், கபடிப் பனியனுக்கு இனப்பெயர் வேண்டாம் என்கின்றோம். ஏன்? ஒலிபெருக்கியில் "காலனிப் பையன்" என்று அவர்கள் சொன்னதையே நாம் நம் கையால் முதுகில் எழுதிக்கொள்வது போல் ஆகிவிடும். பன்னிரண்டு பேர்க்கும் மறுபடியும் ஒரே பெயர்! மேலும், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் கபடிப் போட்டிக்கு அனுமதி தரும்போது, ஆட்டக்காரர் உடையில் அரசியல், சாதி அடையாளங்கள் கூடா என்று விதித்தது. பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை நீக்கச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பிறர் கட்டிய கயிற்றை அறுக்கச் சொல்லும் நாம் ஒரு கயிற்றைக் கட்டிக்கொள்ளலாகாது. அண்ணலின் படத்தை நெஞ்சில் பொறிக்கலாமே என்று கேட்ட தம்பிக்கும் ஒரு சொல். கபடி மண்ணில் புரளும் ஆட்டம். அவர் படிப்பகத்தின் சுவரிலேயே இருக்கட்டும்.

ஆயின் முன்புறத்தில் என்ன எழுதுவது? கழகத்தின் பெயரின் கீழ் 'மரக்காணம்' என்று எழுதுவோம். இதில் சிலர்க்கு ஐயம். நம் ஊர்ப்பெயர் வெளியூர்ச் செய்தித்தாள்களில் எப்போது வந்தது? 2013இல் குடிசை எரிந்தபோது வந்தது. 2023 மே மாதத்தில் எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் பல உயிர்களைக் கொண்டுபோனபோது வந்தது. அந்தப் பெயரையா நெஞ்சில் தாங்குவது என்று கேட்டார்கள். கண்ணகி நகர் என்ற பெயரைக் கேட்டாலே வேலை தர மறுத்த காலம் சென்னையில் உண்டு. நகரின் நடுவிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட ஏழைகளைக் குடியமர்த்திய இடம் அது. 2025 அக்டோபரில் பக்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் கபடிக் குழு தங்கம் வென்றபோது, அக்குழுவில் ஆடிய கார்த்திகாவை நாடே 'கண்ணகி நகர் கார்த்திகா' என்று அழைத்தது. அவளும் அப்பெயரை ஒளிக்கவில்லை. அதற்கு முன்னரே, 1994இல் இரோசிமாவில் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்று, மறு ஆண்டு அர்ச்சுனா விருது பெற்ற கணேசன், தூத்துக்குடி மாவட்டத்துத் தம் சிற்றூரைப் பெயரோடு சேர்த்து 'மணத்தி கணேசன்' என்றே அறியப்படுகின்றார். ஊர்ப்பெயர் எந்தச் செய்தியோடு வரவேண்டும் என்பதில் நம் குழுவிற்கும் ஒரு பங்கு உண்டு.

பெண்கள் குழுவைப் பற்றி ஒரு சொல். "களத்தின் வெளியே நிற்கும் விடலைகள் எங்கள் பெண்ணின் பெயரைக் கூவுவார்கள்" என்று பெற்றோர் சிலர் வருந்தினார்கள். இதில் நமக்கு உறுதியான கருத்து இல்லை. ஆண்பிள்ளைகளுக்கு முடிவு செய்த நாம் தங்கைமார்க்கும் முடிவு செய்துவிடுவது எளிது. எளிதாக இருப்பதாலேயே ஐயுறுகின்றோம். அவர்கள் தனியே கூடி, தாமே முடிவெடுத்துச் செயலாளரிடம் சொல்லட்டும்.

நாம் பின்னர்ச் சொல்வதாகக் கூறிய வழி இனி. நம் குழுவின் பனியன் ஒருவர்க்கு உரியது அன்று. ஒரு தம்பி இரண்டாண்டு ஆடுவான். பின்பு புதுச்சேரிக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போய்விடுவான். அவன் பனியனை அடுத்தவன் அணிவான். அதற்கடுத்தவன் அது கிழியும்வரை அணிவான். அச்சுப் பொறித்துவிட்டால், முருகனின் பெயரைத் தாங்கி இளங்கோ ஆடும் நிலை வரும். அதைவிடப் பெயரில்லாமலே ஆடலாம்! ஆகவே பெயரைப் பனியனில் அச்சிட வேண்டாம். தனித் துணிப்பட்டையில் எழுதி முதுகில் தைத்துக்கொள்வோம். ஆடுபவன் மாறினால் பட்டை மாறும். போகும் ஊர் எத்தகையது என்று குழுத்தலைவனும் பெற்றோரும் கலந்து எண்ணி, வேண்டாம் என்று கருதும் நாளில் பட்டையைப் பிரித்துவிடலாம். பிரித்த நாள் எது, எந்த ஊர் என்பதைக் கழகத்தின் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்பது மட்டும் நம் வேண்டுகோள். அந்தப் பக்கம் ஆண்டுக்கு ஆண்டு நீள்கின்றதா, சுருங்குகின்றதா என்று பார்ப்போம். குழுவை விட்டுப் போகும் தம்பி தன் பட்டையைத் தானே எடுத்துச் செல்லட்டும்.

தையல் வகுப்புத் தாய்மார்கள் பட்டைகளைத் தைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். கூலி வேண்டா என்றார்கள். கூலி தரத்தான் வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்திருக்கின்றது. அவர்களுள் மூவர் நம் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றவர்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தம் கையாலேயே, பெரிய எழுத்தில், ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். அதை அப்படியே துணியில் வரைந்து தைப்பார்கள். ஒருமுறை பிழையாகத் தைத்தால் பிரிப்பது கடினம் என்கின்றார்கள்; ஆகவே எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுங்கள். றகர ரகர ஐயம் உள்ளவர்கள் தமிழாசிரியரைக் கேளுங்கள்.

பதினொரு தாள்கள் இதுவரை வந்துள்ளன. பன்னிரண்டாவது தாளைத் தர வேண்டிய தம்பி, வீட்டில் அழைக்கும் பெயரையா, சான்றிதழில் உள்ள பெயரையா, தாத்தாவின் அறுபடாத பழைய பெயரையா எழுதுவது என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கின்றான். வரும் ஞாயிறு மாலைவரை அவனுக்குக் காலம் உண்டு.